அப்பாவின் கிரிஸ் 110: எண்ணெய்க் குளிர்ப்பான் மாட்டியதும் கழற்றியதும்

ஆகஸ்டு மாதம் வீட்டுக்குப் போயிருந்தேன். காலையில் அப்பா தம் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பியபோது அதன் பின்னால் நின்றிருந்தேன். எழுந்த நீலப்புகையில் அவருடைய சட்டை கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. "எண்ணெய் குடிக்கிறதம்மா, வாரத்துக்கு ஒரு தரம் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்" என்றார். அளவுகோலை எடுத்துப் பார்த்தேன். நுனியில்கூட எண்ணெய் ஒட்டவில்லை.

எங்கள் வீடு மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் போகும் சாலையில் இருக்கிறது. அப்பா இளமையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு குலை அறுத்தார். ஓய்வு பெற்றபின் ஒன்றரை ஏக்கர் செம்பனையைத் தாமே பார்த்துக்கொள்கிறார். உதிரிப் பழத்தைக் கோணியில் கட்டி, பின் இருக்கையில் ஒரு மூட்டை, நடுவில் ஒரு மூட்டை என்று ஏற்றிக்கொண்டு செம்மண் மேட்டில் ஏறி வருவார். அந்த மேட்டை இரண்டாம் கியரில் ஏற முடியாது, முதல் கியர்தான். வண்டி நகரும் வேகம் நடையைவிடச் சற்றே கூடுதல். காற்றுக் குளிர்ப்பு எஞ்சினுக்கு இதைவிடக் கடுமையான வேலை கிடையாது. முழு விசையில் எரிகிறது, முகத்தில் காற்று படுவதில்லை.

மோட்டார், மொடெனாஸ் கிரிஸ் 110. கெடா மாநிலத்துக் குரூண் தொழிற்சாலையிலிருந்து 1996ஆம் ஆண்டு வெளிவந்த முதல் மாடலின் வழிவந்தது. சிலிண்டர் விட்டம் 53 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 50.6 மில்லிமீட்டர். அப்பா 2003இல் வாங்கினார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த எஞ்சின் எங்கள் வீட்டுச் சோற்றுக்கு உழைத்திருக்கிறது. அதைப் பழைய இரும்புக்குப் போட எனக்கு மனமில்லை.

நான் ஈப்போவில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். இயந்திரம் பழுதானால் முதலில் அளக்க வேண்டும், பிறகுதான் கை வைக்க வேண்டும் என்று புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான். ஆனால் அப்பாவின் மோட்டார் என்று வந்தபோது ஒன்றையும் அளக்காமல் முடிவு கட்டிவிட்டேன். மேட்டில் ஏறுகிறது, சூடாகிறது, எண்ணெய் நீர்த்துப் போகிறது, அதனால் பிஸ்டன் ரிங்குகள், அதாவது பிஸ்டனைச் சுற்றியிருந்து சிலிண்டர் சுவரோடு ஒட்டி அடைக்கும் வளையங்கள், தேய்ந்தன என்று நினைத்தேன். முந்தின ஆண்டுதான் டவுனில் ஒரு பட்டறையில் புதுப் பிஸ்டனும் ரிங்கும் போட்டிருந்தார்கள். அது எட்டு மாதம்கூடத் தாங்கவில்லை என்பதும் என் எண்ணத்துக்கு ஒத்தாசையாக இருந்தது. ஆகவே 130 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து எண்ணெய்க் குளிர்ப்பான் ஒன்று வாங்கினேன்.

உள்ளங்கை அளவு அலுமினியக் குளிர்ப்பெட்டி, இரண்டு ரப்பர்க் குழாய்கள், எஞ்சினின் எண்ணெய் வழியில் இடையே பொருத்த ஓர் இணைப்புத் துண்டு. மாட்டுவதற்கு அரை நாள் ஆனது. நல்ல வேளையாக, மாட்டுவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். எண்ணெய் அளவுகோல் போகும் துளை வழியாக மெல்லிய வெப்ப உணரிக் கம்பி ஒன்றை இறக்கி, அப்பா வழக்கமாகப் போகும் பாதையிலேயே இரண்டு மூட்டையோடு ஓட்டி அளந்துவைத்தேன். மேட்டின் உச்சியில் 118 டிகிரி செல்சியஸ். மூட்டையில்லாமல் டவுன் கடைக்குப் போய் வந்தால் 82 டிகிரி. குளிர்ப்பான் மாட்டியபின் அதே மேட்டில் 105, அதே கடைக்கு 64.

பதின்மூன்று டிகிரி குறைந்ததில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. புகை மட்டும் குறையவில்லை.

அக்டோபர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. பத்து நாள் அப்பாவால் தோட்டத்துக்குள் போக முடியவில்லை. கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓட்டியிருக்கிறார். நான் போய் அளவுகோலைக் கழற்றினால், நுரை பொங்க ஆற்றிய பால்தேநீர், தே தாரிக், அந்தக் கோப்பையின் மேல் நிற்குமே, அதே நிறத்தில் நுரை. எஞ்சின் எரியும்போது பெட்ரோலிலிருந்து நீராவியும் உண்டாகிறது. ரிங்கின் ஓரமாகக் கசிந்து கீழே இறங்கும் அந்த ஈரம், எண்ணெய் நன்றாகச் சூடேறினால்தான் ஆவியாகி வெளியேறும். அறுபது டிகிரியில் சுற்றிக்கொண்டிருக்கும் எண்ணெயில் அது தங்கி, கலந்து, குழைந்துவிடும். அப்பாவின் ஓட்டத்தில் பெரும்பகுதி நாலு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுவது. சூடேற நேரமில்லாத எண்ணெயை மேலும் குளிரவைத்திருக்கிறேன். அன்றைக்கே கழற்றிவிட்டேன்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். எண்ணெயால் குளிர்விக்கப்படும் எஞ்சின் வேறு, காற்றுக் குளிர்ப்பு எஞ்சினில் எண்ணெய்க் குளிர்ப்பான் மாட்டுவது வேறு. சுசுகி 1985இல் ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750 மோட்டாரைக் கொண்டுவந்தபோது, எண்ணெய்ப் பம்பிலேயே இரண்டு அறைகள் வைத்தார்கள். ஒன்று உராய்வுப் பகுதிகளுக்கு, மற்றொன்று எரியறையின் மேற்புறத்தில் எண்ணெயை வெள்ளமாகக் கொட்டுவதற்கு. பிஸ்டனின் அடியிலும் எண்ணெய் பீய்ச்சப்பட்டது. 2019இல் வந்த ஜிக்ஸர் 250இல் எரியறையைச் சுற்றி எண்ணெய் ஓடுவதற்கென்றே தனி அறைகள் வார்க்கப்பட்டிருக்கின்றன. அங்கே வெப்பம் பிறக்கும் இடத்துக்கே எண்ணெய் போகிறது. அப்பாவின் எஞ்சினில் மொத்த எண்ணெயே ஏறத்தாழ ஒரு லிட்டர். அதுவே கிளட்சையும் கியரையும் நனைக்க வேண்டும், மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுக்கும் ஏற வேண்டும். நான் மாட்டிய பெட்டி அந்த ஒரு லிட்டரைத்தான் குளிர்வித்தது. சிலிண்டர் சுவரின் வெப்பம் எப்போதும் போல வெளித்தகடுகள் வழியாகத்தான் போயாக வேண்டும். ஒரு கிலோ எண்ணெயை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பம், தண்ணீருக்குத் தேவைப்படுவதில் பாதிதான். அதாவது எண்ணெய் கொஞ்சமாகத்தான் சுமக்கும். நிறைய ஓடினால்தான் நிறையச் சுமக்கும்.

118 டிகிரி என்ற எண்ணையும் நான் ஒழுங்காகப் படிக்கவில்லை. எஸ்ஏஇ 40 வகை எண்ணெய்க்கு வரையறையே 100 டிகிரியில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் பிசுக்கு, அதாவது எண்ணெயின் கெட்டித்தன்மை, இருக்க வேண்டும் என்பது. 118இல் அது குறையும்தான், ஆனால் அந்த 40 வகையைச் சேர்ந்த நல்ல 10டபிள்யூ-40 எண்ணெய் அந்தச் சூட்டைத் தாங்கிக்கொள்ளும். மேட்டில் சில நிமிடம் 118 தொட்டு இறங்கும் எஞ்சின் வெப்பத்தால் சாகவில்லை. வேறு எதனாலோ செத்துக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு ஃபிட்டர் மாமா, தோட்டத்து ஆலையில் நாற்பது ஆண்டு இருந்தவர். மோட்டாரைச் சுற்றிக் குனிந்து பார்த்துவிட்டு, "பெட்டி மாட்டுவதற்கு முன்னால் இதைக் குடைந்தாயா?" என்று கேட்டார். காப்சாய் என்று நாங்கள் சொல்லும் இந்த வகைச் சிறிய மோட்டாரின் எஞ்சினில் சிலிண்டர் முன்பக்கம் படுத்த வாக்கில் இருக்கும். முன் சக்கரம் வாரி அடிக்கும் சேறு முழுவதும் அதன் மூஞ்சியில்தான். சிலிண்டர் தகடுகளுக்கு இடையில் செம்மண்ணும் செம்பனை நாரும் சேர்ந்து செங்கல் போல் இறுகியிருந்தன. அடிப்பக்கத்தில் தகடு இருப்பதே தெரியவில்லை. மண்ணெண்ணெய் தெளித்து ஊறவைத்து, மூங்கில் குச்சி சீவி, ஒரு முற்பகல் முழுவதும் குடைந்தேன். கம்பித் தூரிகை போட வேண்டாம் என்று மாமா தடுத்துவிட்டார், அலுமினியம் கீறும். எடுத்த மண்ணை ஒரு டின்னில் போட்டால் முக்கால் டின்.

வேறெதையும் தொடாமல், குளிர்ப்பானும் இல்லாமல், மறுநாள் அதே மூட்டையோடு அதே மேடு ஏறினேன். 109 டிகிரி. 130 வெள்ளி கொடுத்து வாங்கியது 13 டிகிரி குறைத்தது. மூங்கில் குச்சி 9 டிகிரி குறைத்தது, அதுவும் கடைக்குப் போகும்போது எண்ணெயைத் தேவையில்லாமல் குளிர்விக்காமல். ஊர்ப்பக்கம் மோட்டார் வைத்திருக்கும் எல்லோரையும் கூப்பிட்டு இதைச் சொல்ல வேண்டும் போல் இருந்தது.

புகைக்கு மருந்து உள்ளேதான் இருந்தது. அழுத்தமானியை ஸ்பார்க் பிளக் துளையில் பொருத்தி உதைத்தேன். 95 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்). துளை வழியாக ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி உதைத்தால் 135. எண்ணெய் தற்காலிகமாக அடைத்ததும் அழுத்தம் ஏறுகிறது என்றால் கசிவு வால்வில் இல்லை, ரிங்குக்கும் சுவருக்கும் நடுவில். எஞ்சின் மேற்பகுதியைக் கழற்றினேன்.

கழற்றும் வழியில்தான் குற்றவாளி கிடைத்தது. காற்று வடிகட்டிப் பெட்டிக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் இருக்கும் ரப்பர்க் குழாய், கீழ்ப்பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியாது. உள்ளே விரலை விட்டுத் தடவினேன், முகத்துக்குப் போடும் பவுடர் போல மெல்லிய செம்மண் ஒட்டிக்கொண்டு வந்தது. லாரிகள் போகும் மண் சாலையின் தூசு, வடிகட்டியைத் தாண்டி நேராக எஞ்சினுக்குள் போயிருக்கிறது. மண்ணில் இருக்கும் மணல் துகள் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. எண்ணெயில் கலந்தால் அது அரைக்கும் பசை. உலகத்திலேயே விலை உயர்ந்த எண்ணெயை ஊற்றி, பனிக்கட்டி போலக் குளிர்வித்தாலும் அது அரைத்துக்கொண்டேதான் இருக்கும்.

சிலிண்டரை அளந்தேன். தொழிற்சாலையிலிருந்து உள்விட்ட அளவியைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். மேலிருந்து ஒரு சென்டிமீட்டர் கீழே, பிஸ்டன் சாயும் திசையில் 53.11. அதற்குக் குறுக்கே 53.06. நடுவில் 53.07. அடியில் 53.02. போன ஆண்டு போட்ட பிஸ்டனின் விட்டம் பாவாடைப் பகுதியில், அதாவது அடிப்பக்கச் சுற்றில், 52.95. மேலே 0.16 மில்லிமீட்டர் இடைவெளி என்று ஆகிறது. இருக்க வேண்டியது அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை.

மேலேயே ஏன் அதிகம் தேய்கிறது? பிஸ்டன் உச்சிக்குப் போய்த் திரும்பும்போது ஒரு கணம் நிற்கிறது. ரிங் சறுக்கும் வேகத்தில்தான் எண்ணெய்ப் படலம் தாங்கி நிற்கும். வேகம் சுழியானால் படலம் மெலிந்துவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் எரிவாயுவின் முழு அழுத்தமும் ரிங்கைச் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது, சூடும் அங்கேதான் மிகுதி. தூசும் மேல்வழியாகத்தான் வருகிறது. எல்லாம் ஒரே இடத்தில் கூடிவிடுகின்றன.

போன ஆண்டு புதுப் பிஸ்டன் போட்டவர்கள் சிலிண்டரைத் தொடவே இல்லை என்பதும் இப்போது தெரிந்தது. உட்சுவரில் பழைய கண்ணாடிப் பளபளப்பு, உச்சியில் நகம் தட்டுப்படும் விளிம்பு. புது ரிங் ஒன்றை வாங்கிச் சிலிண்டருக்குள் செருகி, கீழிருந்து கைவிளக்கை அடித்து அப்பாவுக்குக் காட்டினேன். ரிங் வட்டம், சிலிண்டர் முட்டை. ஒரு பக்கத்தில் பிறை போல வெளிச்சம் கசிந்தது. "நிலா தெரிகிறதம்மா" என்றார். அவருக்குப் புரிந்துவிட்டது.

மேலும் கீழும் 0.09 மில்லிமீட்டர் வேறுபாடு என்பது சின்ன எண்ணாகத் தோன்றும். அதை 3.14ஆல் பெருக்கினால், ரிங்கின் வாய், அதாவது வளையத்தின் இரு நுனிகள் சந்திக்கும் வெட்டு, ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் 0.28 மில்லிமீட்டர் விரிந்து சுருங்குகிறது என்று வரும். நிமிடத்துக்கு 6000 சுற்றில் வினாடிக்கு நூறு தடவை. அப்படி நெளிந்துகொண்டே இருக்கும் ரிங் எங்கே உட்காரும்? உட்காராத ரிங் எண்ணெயை மட்டும் விடுவதில்லை. பிஸ்டன் தலை வாங்கும் வெப்பத்தில் பெரும்பகுதி ரிங்குகள் வழியாகத்தான் சிலிண்டர் சுவருக்கு இறங்குகிறது. ரிங் சுவரைத் தொடவில்லை என்றால் பிஸ்டனுக்கு வடிகால் இல்லை. நான் வெளியே குளிர்ப்பெட்டி மாட்டிக்கொண்டிருந்தேன், உள்ளே வெப்பம் இறங்கும் படியே உடைந்திருந்தது. சிலிண்டர் வட்டமாகவும் நேராகவும் இருப்பதுதான் இந்த எஞ்சினின் முதல் குளிர்ப்பு ஏற்பாடு என்று இந்த வேலைக்குப் பிறகு உறுதியாக நம்புகிறேன்.

ஈப்போவில் ஒரு பழைய லேத் பட்டறை. அதன் முதலாளியான தவுக்கேக்கு எழுபது வயது இருக்கும். சிலிண்டரை மட்டும் நீட்டினேன், வாங்க மறுத்துவிட்டார். பிஸ்டன் எங்கே, பிஸ்டன் இல்லாமல் தொடமாட்டேன் என்று மலாயில் சொன்னார். அவர் சொன்னதுதான் சரி. பெட்டியில் 53.50 என்று அச்சடித்திருந்தாலும் ஒவ்வொரு பிஸ்டனும் நூலிழை வேறுபடும். பிஸ்டனை அளந்துதான் சிலிண்டரைக் குடைய வேண்டும். எதிரே இருந்த கடையில் 50 அளவுப் பிஸ்டன் வாங்கிக் கொடுத்தேன், அதாவது அரை மில்லிமீட்டர் பெரியது. கொள்ளளவு இரண்டு சிசிதான் கூடும்.

இடைவெளி எவ்வளவு வைக்கப்போகிறார் என்று கேட்டேன். மூன்றரை என்றார், நூறில். அதாவது 0.035 மில்லிமீட்டர். அலுமினியப் பிஸ்டன் 100 டிகிரி சூடானால் இந்த விட்டத்துக்கு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் பருக்கும். சிலிண்டருக்குள் இருக்கும் இரும்பு உறையான லைனர் அதில் பாதிதான் பருக்கும். இறுக்கமாக வைத்தால் மேட்டில் பிடித்துக்கொள்ளும், தளர்வாக வைத்தால் காலையில் டக்டக் என்று தட்டும். இந்தப் பருமனைச் சமாளிக்கத்தான் பிஸ்டனை முழு வட்டமாகச் செய்யாமல் லேசான நீள்வட்டமாகவும் தலைப்பக்கம் ஒடுங்கியதாகவும் செய்கிறார்கள். தவுக்கே குடைந்தபின் கல்லால் தேய்த்துக் குறுக்குக் கோடுகள் போட்டார். கோணல் கட்டமாக ஓடும் அந்த மெல்லிய கீறல்கள்தான் எண்ணெயைச் சுவரில் பிடித்துவைப்பவை. போன ஆண்டின் கண்ணாடிச் சுவரில் அவை ஒன்றுகூட இல்லை. கூலி 50 வெள்ளி.

எங்கள் சித்தப்பா மகன் யமஹா 135எல்சி வைத்திருக்கிறான். "என்னுடையதில் இரும்பு லைனரே கிடையாது, அக்கா" என்று பெருமையாகச் சொல்வான். உண்மைதான். அதில் சிலிக்கன் ஏறத்தாழ 20 விழுக்காடு கலந்த அலுமினியச் சிலிண்டர், சுற்றிலும் தண்ணீர். வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியக் கலவை வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வல்லது, பிஸ்டனும் சிலிண்டரும் ஒரே இனம் என்பதால் ஒன்றுபோலப் பருக்கும், இடைவெளி அதிகம் மாறாது. விட்டம் 54க்கு ஓட்டம் 58.7 மில்லிமீட்டர் என்று ஓட்டம் நீண்ட எஞ்சினை அவன் தினமும் நெடுஞ்சாலையில் விரட்டுகிறான், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதில் தூசு நுழைந்து கீறிவிட்டால் எங்கள் தவுக்கேயின் லேத்தில் குடைந்து அடுத்த அளவுப் பிஸ்டன் போடும் வழி இல்லை. அப்பாவின் இரும்பு லைனர் 50 வெள்ளியில் மறுபிறவி எடுத்துவிட்டது, இன்னும் ஒரு தடவை எடுக்கவும் சதை இருக்கிறது. மண் சாலையில் மூட்டை சுமக்கும் மோட்டாருக்கு நான் இரும்பைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

பூட்டும் வேலையில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர. குடைந்து வந்த சிலிண்டரைப் பெட்ரோலில் கழுவினால் போதாது. கீறல்களுக்குள் கல்தூள் ஒளிந்திருக்கும். வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டுத் தூரிகையால் தேய்க்க வேண்டும். பிறகு வெள்ளைத் துணியில் எண்ணெய் நனைத்துத் துடைக்க வேண்டும். துணியில் சாம்பல் நிறம் ஒட்டாமல் வரும்வரை. எனக்கு ஐந்து தடவை ஆனது. அப்பாவின் பழைய வேட்டித்துணி முழுவதும் தீர்ந்தது. ரிங்கின் வாய் இடைவெளி 0.2 வந்தது. வாய்கள் ஒன்றுக்கு நேராக ஒன்று வராமல் திருப்பிவைத்து, தலைப்பகுதி நட்டுகளைக் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். ஒரு பக்கமாக இறுக்கினால், வட்டமாகக் குடைந்த சிலிண்டர் இங்கேயே நெளிந்துவிடும். காற்றுக் குழாய் புதிது போட்டேன், 12 வெள்ளி. அந்த 12 வெள்ளிக் குழாய்தான் இத்தனைக்கும் மூலம்.

முதல் நூறு கிலோமீட்டரில் எண்ணெயை மாற்றினேன். வடித்ததில் வெள்ளி மினுக்கம் தெரிந்தது, ரிங்கும் சுவரும் பழகுவதன் அடையாளம். 500இல் மறுபடி மாற்றியபோது மினுக்கம் இல்லை. ஈரக் கிளட்சுக்கான ஜாசோ எம்ஏ குறியிட்ட சாதாரண 10டபிள்யூ-40தான். அந்த 500 கிலோமீட்டரும் மூட்டை வேண்டாம் என்று அப்பாவிடம் கெஞ்சி, நானே ஜாலோங் சாலையில் ஏற்ற இறக்கங்களில் விசையைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டினேன். ஒரே வேகத்தில் மெதுவாக உருட்டினால் ரிங் உட்காராது.

இப்போது 1400 கிலோமீட்டர் ஆகிறது. அழுத்தம் 165 பிஎஸ்ஐ. மேட்டின் உச்சியில் இரண்டு மூட்டையோடு 107 டிகிரி. எண்ணெய்க் குறைவு 50 மில்லிலிட்டருக்கும் கீழேதான். முன் மட்கார்டின் நுனியில் பழைய டயர் டியூபை வெட்டி நீளமான மண்மறைப்பு ஒன்று திருகிவிட்டேன், அதன்பிறகு சிலிண்டர் மேல் சேறு பாதிகூட விழுவதில்லை.

குளிர்ப்பானைச் சித்தப்பாவின் இளைய மகன் கேட்கிறான். அவனும் கிரிஸ்தான் வைத்திருக்கிறான், தினமும் ஈப்போவுக்கு வேலைக்குப் போய் வருகிறான். ஒரே வேகத்தில் அவ்வளவு தூரம் ஓடும் எஞ்சினுக்கு அது பொருந்தலாம். முதலில் ஒரு வாரம் உணரிக் கம்பியை மட்டும் மாட்டிக்கொண்டு ஓட்டு, எண்களைக் கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன். அப்பா மூங்கிலில் ஒரு குச்சி சீவி இருக்கைக்கு அடியில் வைத்திருக்கிறார். மழை விட்ட மறுநாள் காலை, தேநீர் குடித்ததும், முதல் வேலையாகக் குனிந்து குடைகிறார்.